கூடாரம் பிறகு, முதலில் மண்ணுக்குக் காற்று, எமக்குக் காணி

தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் வருமானத்தை உயர்த்துவது பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இப்போது வெள்ளைப் பொலித்தீன் கூடாரம் ஒன்றின் படம் காட்டப்படுகிறது. உள்ளே சிவந்த தக்காளி, குடைமிளகாய், சலாது வெள்ளரி. கொழுந்து வேலை முடிந்த பிறகு இதைக் கவனித்தால் போதும், கையில் காசு சேரும் என்கிறார்கள். நாம் இதற்கு எதிரானவர்கள் அல்லர். நாட்சம்பளத்தை மட்டும் நம்பி வாழ முடியாது என்பது எம்மைவிட யாருக்குத் தெரியும்? கண்டியைச் சுற்றியுள்ள தெல்தோட்டை, கலஹா, ஹந்தானை, ஹேவாஹெட்ட, புசல்லாவை, பன்வில பக்கங்களில் லயத்துக்குப் பின்னால் போஞ்சியும் கீரையும் போடாத குடும்பம் குறைவு.

ஆனால் படத்தைக் காட்டுகிறவர்கள் கூரையைப் பற்றித்தான் பேசுகிறார்கள். கூரைக்குக் கீழே இருக்கும் மண்ணைப் பற்றியும், அந்த மண் யாருக்குச் சொந்தம் என்பது பற்றியும் பேசுவதில்லை. இந்த இரண்டு கேள்விக்கும் பதில் கிடைக்காமல் கட்டப்படும் கூடாரம் சில போகங்களில் கிழிந்த பொலித்தீனாகவும் தீராத கடனாகவும் முடியும் என்பது எமது கருத்து. ஏன் அப்படிச் சொல்கிறோம் என்பதை விளக்கவே இக்கட்டுரை.

மண்ணும் மூச்சு விடுகிறது

மண்ணைக் கட்டியான பொருள் என்று நினைக்கிறோம். நல்ல மேல்மண்ணில் ஏறத்தாழப் பாதிதான் கட்டியான பொருள். மற்றப் பாதி இடைவெளி. அந்த இடைவெளியில் ஒரு பங்கு நீரும் ஒரு பங்கு காற்றும் இருக்க வேண்டும். செடியின் வேருக்கு நீர் மட்டும் போதாது. வேரும் எம்மைப் போலவே ஒட்சிசனை எடுத்துக் காபனீரொட்சைட்டை வெளியே விடுகிறது. மண்ணில் காற்று உள்ள இடம் நூற்றுக்குப் பத்துப் பங்குக்குக் கீழே இறங்கினால் பெரும்பாலான பயிர்களின் வேர் திணறத் தொடங்கும்.

வேரோடு சேர்ந்து மூச்சுவிடும் இன்னொரு கூட்டமும் மண்ணுக்குள் உண்டு. வளமான மண்ணில் ஒரு தேக்கரண்டி எடுத்தால் அதில் 10 கோடி முதல் 100 கோடி வரை பற்றீரியாக்கள் இருக்கும். பங்கசுக்கள், கண்ணுக்குத் தெரியாத புழுக்கள், மண்புழுக்கள் வேறு. நாம் போடும் சாணமும் கூட்டெருவும் நேராகச் செடிக்குள் போவதில்லை. இந்த நுண்ணங்கிகள்தான் அவற்றை உடைத்துச் செடி குடிக்கக்கூடிய உணவாக மாற்றித் தருகின்றன. அமோனியாவை ஒரு வகைப் பற்றீரியா நைத்திரைற்றாக மாற்றும். அதை இன்னொரு வகை நைத்திரேற்றாக மாற்றும். இந்த இரண்டு வேலைக்காரர்களுக்கும் ஒட்சிசன் கட்டாயம் வேண்டும்.

காற்று இல்லாவிட்டால் வேலை நின்றுபோவதோடு முடியாது. வேறு வகைப் பற்றீரியாக்கள் மேலெழும். அவை நைத்திரேற்றில் உள்ள ஒட்சிசனை எடுத்துக்கொண்டு நைதரசனை வாயுவாக வெளியே விட்டுவிடும். கடையில் காசு கொடுத்து வாங்கிய யூரியா இப்படித்தான் யாருக்கும் பயனில்லாமல் ஆகாயத்துக்குப் போகிறது. இறுகிய மண்ணில் மூட்டை மூட்டையாகப் பசளை போட்டும் இலை மஞ்சளாக நிற்பதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

போஞ்சிச் செடியைப் பிடுங்கிப் பாருங்கள். வேரில் சிறிய முடிச்சுகள் இருக்கும். ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால், அங்கே பற்றீரியா காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துச் செடிக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். வெளிறிப் போயிருந்தால் வேலை நடக்கவில்லை. அந்தப் பிடிப்புக்கும் மண்ணுக்குள் காற்று போய் வர வேண்டும்.

எமது மண் எப்படி இறுகியது?

இந்த மலைகள் ஒரு காலத்தில் காடு. காட்டை வெட்டிக் கோப்பி நட்டார்கள். கோப்பியை இலைத்துரு நோய் அழித்தது. 1867 இல் தெல்தோட்டைக்கு அருகே லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை நட்டதோடு தேயிலையின் காலம் தொடங்கியது. காட்டை வெட்டிய சரிவுகளில் மழை அடித்து, பல தலைமுறைகளாகச் சேர்ந்திருந்த கறுப்பு மேல்மண் ஆற்றோடு போனது. பல இடங்களில் இன்று நாம் நிற்பது மிஞ்சிய அடிமண்ணில். எமது மக்களின் 200 ஆண்டு வரலாற்றை 2023 இல் நினைவுகூர்ந்தோம். அந்த வரலாற்றில் மனிதரோடு சேர்ந்து உழைத்துத் தேய்ந்த இன்னொன்று இந்த மண்.

பிறகு எமது கால்கள். கொழுந்துச் சுற்று வரும்போதெல்லாம் அதே நிரையில், அதே இடத்தில், கூடையின் பாரத்தோடு மிதிக்கிறோம். மழை பெய்த ஈர மண்ணிலும் மிதிக்கிறோம். ஈரமாக இருக்கும்போது மிதிபடும் மண் காய்ந்த மண்ணைவிட எளிதில் இறுகும்.

இதற்கு மருந்து தோட்டத்திலேயே இருந்தது. அதுதான் முள்ளுக்குத்து. முள்ளை நேராக இறக்கி, பின்பக்கம் சாய்த்து, மண்ணை இலேசாக நெம்பிவிட வேண்டும். புரட்டக் கூடாது. மண் வெடித்துக் காற்று இறங்கும். மழைநீர் ஓடிவிடாமல் உள்ளே போகும். கவ்வாத்து இலையும் குச்சியும் மண்ணோடு சேர்ந்து மக்கும். 1925 இல் தொடங்கப்பட்டுத் தலவாக்கலையில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் விஞ்ஞான முறையாகச் சொல்லிக்கொடுத்ததும் இதைத்தான். பழைய தேயிலையைப் பிடுங்கிப் புதிதாக நடுவதற்கு முன் ஒன்றரை, இரண்டு வருடம் மானாப் புல்லோ குவாத்தமாலாப் புல்லோ போட்டு மண்ணை ஆறவிட வேண்டும் என்பதும் அந்த நிறுவகத்தின் அறிவுரையே. புல்லின் வேர் மண்ணைத் துளைத்துக் காற்றுக்கு வழி செய்கிறது. வெட்டிப் போடும் புல் நுண்ணங்கிகளுக்குத் தீனியாகிறது.

இன்று நிலைமை என்ன? முள்ளுக்குத்து கண்ணுக்கு உடனே இலாபம் காட்டாத வேலை. ஆகவே செலவைக் குறைக்க வேண்டும் என்றவுடன் முதலில் வெட்டப்படுவது அதுதான் என்று பல தோட்டங்களிலிருந்து எமது அங்கத்தவர்கள் சொல்கிறார்கள். கான் துப்புரவும் அப்படித்தான். மண் இறுகுகிறது, கொழுந்து குறைகிறது, பிறகு "நீங்கள் எடுக்கும் கிலோ குறைந்துவிட்டது" என்று எம்மையே குறை சொல்கிறார்கள். மண்ணைப் பராமரிக்காதவர் விளைச்சலுக்குத் தொழிலாளியைக் குற்றம் சொல்ல முடியாது.

2021 இல் கற்றது

2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே நாளில் நிறுத்தப்பட்டது. அந்த வருடம் நவம்பரில் தடை நீக்கப்பட்டாலும், பிறகு யூரியா மூட்டை ஒன்றின் விலை 10,000 ரூபாவையும் தாண்டிப் போனது. நாட்டின் உழவனும் தோட்டத் தொழிலாளியும் அதன் விலையைக் கொடுத்தார்கள்.

சேதனப் பசளை கெட்டது என்பது அதன் பாடமல்ல. சேதனப் பசளையை உணவாக மாற்றுவது நுண்ணங்கிகள். அவற்றுக்குக் காற்றும் ஈரமும் காலமும் வேண்டும். வருடக்கணக்காக இறுகிய மண்ணில் அவற்றின் தொகை குறைந்திருக்கும்போது, வர்த்தமானி அறிவித்தலால் அவற்றைப் பெருக்க முடியாது. மேலிருந்து உத்தரவு போட்டவர்கள் மண்ணைப் பற்றி யோசிக்கவில்லை. கூடாரத் திட்டங்களிலும் அதே தவறு நடக்கக் கூடாது என்பதற்காகவே இதை நினைவூட்டுகிறோம்.

கூடாரத்துக்குள் என்ன நடக்கிறது?

கூடாரத்துக்கு நன்மை உண்டு. கண்டியில் பெய்யும் அடைமழை தக்காளிப் பூவை உதிர்க்காது. இலை நனையாததால் கருகல் நோய் குறையும். ஆனால் மண்ணுக்கு அங்கே சோதனை அதிகம்.

முதலாவது, உள்ளே வெப்பம் கூடுதல். மண் சூடாகும்போது வேரும் நுண்ணங்கிகளும் வேகமாக மூச்சுவிடும். ஒட்சிசன் தேவை கூடும். அதே நேரத்தில் சூடான நீர் குறைந்த அளவு ஒட்சிசனையே தாங்கும். தேவை கூடுகிறது, வரத்துக் குறைகிறது. இரண்டாவது, ஒவ்வொரு நாளும் அதே ஒற்றையடிப் பாதையில் நடக்கிறோம், அதே செடியடியில் குழாயால் நீர் ஊற்றுகிறோம். மண்ணின் துளைகள் நீரால் நிரம்பிவிட்டால் காற்றுக்கு வழியில்லை. நீருக்குள் ஒட்சிசன் பரவுவது காற்றில் பரவுவதைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவானது. மூன்றாவது, மழை படாததால் பசளையின் உப்பு கழுவப்படாமல் மேலே தங்கும்.

இதோடு பற்றீரியா வாடல் நோய். நேற்று வரை பச்சையாக நின்ற தக்காளிச் செடி பகலில் திடீரென்று தொங்கிவிடும். தண்டை வெட்டி, தெளிந்த நீருள்ள கண்ணாடிக் கோப்பையில் வெட்டுமுகம் நீரில் படும்படி பிடியுங்கள். சில நிமிடத்தில் பால் நூல் போல ஒன்று இறங்கினால் அந்த நோய்தான். நீர் தேங்கும் சூடான மண்ணில் அது வேகமாகப் பரவும். தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு எல்லாம் ஒரே குடும்பம். ஒன்றுக்குப் பின் ஒன்றாக இவற்றையே போட்டால் நோய் மண்ணில் தங்கிவிடும்.

இந்தத் தொல்லையால்தான் நாட்டில் கூடாரம் வைத்திருக்கும் பலர் மண்ணையே கைவிட்டு, தும்புத்தூள் நிரப்பிய பைகளில் அல்பேர்ட் கரைசல் ஊற்றிப் பயிர் செய்கிறார்கள். தும்புத்தூள் நீரையும் காற்றையும் சேர்த்துப் பிடிக்கும் பொருள் என்பதால் அது நன்றாக வேலை செய்கிறது. ஆனால் தும்புத்தூள், பை, கரைசல், சொட்டுநீர்க் குழாய் எல்லாம் காசு. பெரிய முதலாளிக்கு அது முதலீடு. நாட்சம்பளக் குடும்பத்துக்கு அது கடன். பசளை விலை ஒரு தடவை எகிறினால் போதும், பயிரை நடுவழியில் விட வேண்டிவரும்.

வெளிநாடுகளில் இதற்கு வேறு வழிகளையும் ஆராய்ந்திருக்கிறார்கள். அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் இறுகிய களிமண் நிலத்தில் சொட்டுநீரோடு காற்றையும் கலந்து வேருக்கு அனுப்பினார்கள், விளைச்சல் கூடியது. சீனாவில் பசுமை இல்லத் தக்காளிக்கு மண்ணுக்கடியில் குழாய் வழியே காற்றுச் செலுத்திப் பார்த்தவர்கள், வேரைச் சுற்றிய நுண்ணங்கிகளின் தொகையும் செயலும் அதிகரித்ததைக் கண்டார்கள். அந்த இயந்திரங்களை வாங்க எம்மால் முடியாது. ஆனால் அவர்கள் இயந்திரத்தால் செய்ததன் அடிப்படையை முள்ளாலும் கூட்டெருவாலும் செய்யும் கைகள் எம்மிடம் இருக்கின்றன.

நாமே பார்க்கலாம், நாமே செய்யலாம்

மண்ணைப் பரிசோதிக்க முதலில் ஆய்வுகூடம் தேவையில்லை. இரண்டு பக்கமும் திறந்த பால்மா டின் ஒன்றை மண்ணில் பாதி இறக்கி நீர் ஊற்றுங்கள். நீர் நின்றுகொண்டே இருந்தால் மண் அடைபட்டிருக்கிறது. ஓர் அடி ஆழம் தோண்டி ஒரு பிடி மண்ணை முகர்ந்து பாருங்கள். முதல் மழையின் வாசம் வந்தால் நல்ல நுண்ணங்கிகள் இருக்கின்றன. அழுகிய முட்டை வாசமோ சாம்பல் நிறமோ இருந்தால் காற்றில்லை. தோண்டியெடுத்த மண்ணில் மண்புழுவை எண்ணுங்கள்.

பாத்தியை மூன்றடி அகலத்துக்கு மேல் போகாமல், சரிவுக்குக் குறுக்காக, மேடாகப் போடுங்கள். பாதை வேறு, பாத்தி வேறு. பாத்திக்குள் பிள்ளைகளும் கால் வைக்கக் கூடாது. நடுவதற்கு முன் ஒரு தடவை முள்ளால் நெம்பி, நன்றாக மக்கிய கூட்டெருவைக் கலந்து, மேலே காய்ந்த புல்லாலோ இலையாலோ மூடுங்கள். மண் கையில் உருட்டினால் ஒட்டும் அளவு ஈரமாக இருக்கும்போது முள்ளும் வேண்டாம், மம்பட்டியும் வேண்டாம். நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, அடுத்த தடவைக்கு முன் மேல்மண் சற்றுக் காயவிடுங்கள். தக்காளிக்குப் பின் போஞ்சியோ சோளமோ கீரையோ போடுங்கள்.

தேயிலை நின்ற இடத்தில் மரக்கறி போடுவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தேயிலைக்குப் புளிப்பு மண் வேண்டும். பெரும்பாலான மரக்கறிகளுக்கு அவ்வளவு புளிப்பு ஆகாது, நைதரசனை மாற்றும் பற்றீரியாக்களுக்கும் ஆகாது. கவ்வாத்துக்குப் பின் மலைக்குப் போடும் அதே டொலமைற்று இங்கேயும் உதவும். ஆனால் அளவு தெரியாமல் போடக் கூடாது. மண் பரிசோதனை செய்து கேட்டுப் போட வேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. காற்று நல்லது என்று அளவுக்கு மீறிக் கிளறினால், மண்ணைக் கட்டி வைத்திருக்கும் பங்கசு இழைகள் அறுந்துபோகும். மக்கும் பொருள் வேகமாகக் கரைந்துவிடும். செங்குத்துச் சரிவில் கிளறிய மண் மழையோடு இறங்கும். 2025 நவம்பரில் டித்வா புயல் மழையில் கண்டி மாவட்டத்தில் எத்தனை இடங்களில் மண் சரிந்தது என்பதை நாம் மறக்க முடியாது. லயத்துக்கு மேலுள்ள சரிவில் ஆழமாக வெட்டாதீர்கள். அங்கே புல்லும் மரமும் நிற்கட்டும்.

காணி இல்லாமல் மண் திருந்தாது

இத்தனையும் செய்து மண் திருந்த எவ்வளவு காலம்? ஒரு போகத்தில் கொஞ்சம் தெரியும். உண்மையாகத் திருந்த மூன்று, நான்கு வருடமாவது வேண்டும். இங்கேதான் காணிப் பிரச்சினை வருகிறது.

நாளைக்குத் தோட்ட நிருவாகம் வந்து "இந்த இடத்தில் கன்று நடப் போகிறோம், காலி பண்ணுங்கள்" என்று சொல்லக்கூடிய துண்டில் யார் நான்கு வருடம் கூட்டெரு கொட்டுவார்? எமது மக்களுக்கு மண்ணைப் பற்றித் தெரியாது என்பது பொய். உரிமையில்லாத மண்ணில் உழைப்பைப் புதைக்க யாரும் துணிவதில்லை என்பதே உண்மை.

புதிய வீட்டுத்திட்டங்களில் 7 பேர்ச்சஸ் கொடுத்தார்கள். 7 பேர்ச்சஸ் என்றால் ஏறத்தாழ 1,900 சதுர அடி. அதில் 550 சதுர அடி வீடு. படி, மலசலகூடம், கான், மண்ணைத் தாங்கும் அணை போக மிஞ்சுவது எவ்வளவு? பிறகு 10 பேர்ச்சஸ் என்றார்கள். அது முன்னேற்றம்தான், ஆனால் அதிலும் வீட்டுக்குப் போக ஒரு சின்னத் தோட்டம்தான் மிஞ்சும், பயிர்ச்செய்கைக் காணி ஆகாது. இன்னும் லயக் காம்பராவிலேயே வாழும் குடும்பங்களுக்கு அதுவும் இல்லை. காணிப் பத்திரம் இல்லாதவர் வங்கிக்குப் போனாலும் கமநல சேவை நிலையத்துக்குப் போனாலும் முதல் கேள்வியிலேயே திரும்ப வேண்டியிருக்கிறது.

இந்த நாட்டின் விவசாயத் திணைக்களத்தின் தலைமையகம் எங்கே இருக்கிறது? பேராதனையில். மரக்கறி ஆராய்ச்சி நிலையம் கன்னொறுவையில். விவசாய பீடத்தோடு பேராதனைப் பல்கலைக்கழகம் ஹந்தானை மலையின் அடிவாரத்தில். மண் பற்றிய அறிவெல்லாம் எமது லயங்களிலிருந்து ஒரு பஸ் பயண தூரத்தில் இருக்கிறது. ஆனால் விவசாயப் போதனாசிரியர் ஒருவர் எமது லய வாசலுக்கு வந்து தமிழில் பேசிய தோட்டங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கிராமத்து உழவருக்கு உள்ள அந்தச் சேவை தோட்டத்து உழவருக்கும் உரியது. நாம் கேட்பது சலுகையன்று.

எமது கோரிக்கைகள்

ஒன்று: தோட்டங்களில் பயிரில்லாமல் கிடக்கும் காணியில் ஒரு பங்கை மரக்கறிச் செய்கைக்காகத் தொழிலாளர் குடும்பங்களுக்கு எழுத்து மூலமான, நீண்டகால உரிமையோடு வழங்க வேண்டும். பத்திரத்தில் கணவன், மனைவி இருவரின் பெயரும் இருக்க வேண்டும். கொழுந்தும் எடுத்து, நீரும் சுமந்து, பாத்தியும் பார்ப்பவள் பெண். அவள் பெயரில்லாத பத்திரம் பாதிப் பத்திரம்.

இரண்டு: முள்ளுக்குத்து, கான் துப்புரவு, மானாப் புல் வேலைகளை மீண்டும் ஒழுங்கான, முழு நாட்பேருக்குரிய வேலையாக்க வேண்டும். அவை திறமை வேண்டும் வேலைகள்.

மூன்று: கூடாரம் கொடுக்கும் எந்தத் திட்டமும் முதலில் மண் பரிசோதனையும், அந்த மண்ணைத் திருத்துவதற்கான ஒரு வருடப் பயிற்சியும் தமிழில் தர வேண்டும். கூரையின் செலவைக் கடனாக எம் தலையில் கட்டக் கூடாது.

நான்கு: காணிப் பத்திரம் இல்லை என்ற காரணத்துக்காகத் தோட்ட உழவர்களைக் கமநல சேவை நிலையங்கள் திருப்பி அனுப்பக் கூடாது.

தோழர்களே, சகோதரிகளே, இவற்றை அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் பேசுங்கள். உங்கள் தோட்டத்தில் முள்ளுக்குத்து கடைசியாக எந்த வருடம் நடந்தது, எத்தனை ஏக்கர் சும்மா கிடக்கிறது, எத்தனை குடும்பம் மரக்கறி போடுகிறது என்று எழுதித் தோட்டத் தலைவர் மூலமோ மாதர் சங்கத் தலைவி மூலமோ எமது காரியாலயத்துக்கு அனுப்புங்கள். நிருவாகத்தோடும் திணைக்களத்தோடும் பேசும்போது அந்தக் கணக்கு எமது கையில் இருக்க வேண்டும். இதற்கிடையில் லயத்துக்குப் பின்னால் இருக்கும் துண்டில் ஒரு பாத்தியை மட்டுமாவது மிதிக்காமல் விட்டு, முள்ளால் நெம்பி, கூட்டெரு போட்டுப் பாருங்கள். பக்கத்துப் பாத்தியோடு ஒப்பிட்டு, அடுத்த போகத்தில் என்ன கண்டீர்கள் என்பதையும் எழுதுங்கள்.